கட்டத்துக்குள் வெண்டைக்காய்

என் ஜாதகத்தில் ஏழாம் வீட்டில் ஒரு வெண்டைக்காய் இருந்தது. எந்தச் சோதிடரும் கண்டுபிடித்துச் சொன்னதில்லை. நானே நறுக்கி, சிவப்புச் சாயம் தொட்டு, அழுத்தி வைத்தது. அதனால் என் கல்யாணப் பேச்சு ஒன்று படாதபாடு பட்டது. மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசிக்கொண்டார்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தேழு வயது. சமயநல்லூரிலிருந்து பஸ் ஏறிப் போய், பழங்காநத்தத்தில் ஒரு அரிசிக்கடை மாடியில் நடந்த மாதர் சங்கத்தில் கைவேலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். செவ்வாயும் வியாழனும் மதியம் இரண்டு மணிக்கு வகுப்பு. பதினான்கு பெண்கள் வருவார்கள். எனக்கு முன்னால் இருந்த டீச்சர் ஒயர் கூடையும் குரோஷாவும் சொல்லித் தந்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கனவே ஆறு ஒயர் கூடைகள் தொங்கின. ஏழாவதைப் பின்ன அவர்களுக்கும் மனமில்லை, சொல்லித் தர எனக்கும் இல்லை.

சென்னையில் பத்து நாள் பயிற்சிக்குப் போனபோது அச்சு வைப்பதைக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். அதையும் ஒட்டு வேலையையும் சேர்த்து, ஆளுக்கு ஒரு நோட்டு என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் எழுதி முடித்த பள்ளிக்கூட நோட்டு போதும். பக்கத்தின் மேல் மைதாப் பசை தடவி, வீட்டில் கிடைக்கும் காகிதத்தைக் கிழித்து ஒட்ட வேண்டும். காலண்டர் தாள், ஊதுபத்திக் கவர், மளிகைக்கடைப் பொட்டலம், தீப்பெட்டிப் படம், எதுவானாலும் சரி. பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் போட்டால் கரப்பான் அண்டாது. காய்ந்ததும் அதன் மேல் நறுக்கிய காயால் அச்சு. பிறகு இடம் மிச்சமிருந்தால் அன்றைக்கு வீட்டில் நடந்ததை இரண்டு வரி எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் எழுத வேண்டாம், பக்கத்தைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். ஒட்டு நோட்டு என்று அதற்குப் பெயர் வைத்தோம்.

முதல் வாரம் எல்லாரும் என்னைப் பேந்தப் பேந்தப் பார்த்தார்கள். "டீச்சர், வெண்டிக்காய வெட்டி வெளயாடவா பஸ்ஸேறி வாரோம்?" என்று ஒருவர் கேட்டே விட்டார். நான் ஒரு வெண்டைக்காயை எடுத்தேன். காம்புப் பக்கம் தடியாக இருக்கும் இடத்தில் ஒரே வெட்டாக வெட்டி, ஈரம் போகத் துணியில் ஒற்றி, சாயத்தில் நனைத்து மடித்து வைத்த துணியின் மேல் லேசாகத் தட்டி, காகிதத்தில் அழுத்தி எடுத்தேன். ஐந்து இதழ்ப் பூ. அடுத்த ஐந்து நிமிஷத்தில் அந்த வெண்டைக்காய் என் கையில் இல்லை.

அதன் பிறகு அவர்கள் எனக்குச் சொல்லித் தர ஆரம்பித்தார்கள் என்று எழுதினால் பணிவாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை, சொல்லித் தந்தது நான்தான். ஆனால் கொண்டுவந்தது அவர்கள். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் வலை பின்னிய பிறை நிலா விழும் என்று வாழைத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் கண்டுபிடித்தார். சைக்கிள் கடைக்காரர் மனைவி பஞ்சராகிப் போன டியூப்களைப் பை நிறையக் கொண்டுவந்தார். அதைக் கத்தரியால் வேண்டிய உருவத்தில் வெட்டி மரக்கட்டையில் ஒட்டிவிட்டால் நூறு தடவை வைத்தாலும் தேயாத அச்சு ஆகிவிடும். கோரிப்பாளையத்திலிருந்து வந்த ஒரு அக்காதான் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். நோன்புக் காலத்தில் அவர்கள் வீட்டில் காய்ச்சும் கடல்பாசியைச் சர்க்கரை போடாமல் தண்ணீரில் கெட்டியாகக் காய்ச்சி, தாம்பாளத்தில் ஊற்றி, அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். உறைந்த பாசியின் மேல் சாயம் தடவி, வேப்பிலையைப் பரப்பி, காகிதத்தை வைத்துக் கையால் நீவி எடுத்தால் இலை இருந்த இடம் வெள்ளையாக விழும். இலையை எடுத்துவிட்டு இரண்டாவது காகிதம் வைத்தால் நரம்பு நரம்பாக இலையே வந்துவிடும். பாசி விரிசல் விட்டால் மறுபடி காய்ச்சி ஊற்றிக்கொள்ளலாம். அந்த அக்கா அன்று முதல் எங்கள் வகுப்பில் ராணி.

காகிதத்துக்கு நாயாய் அலைந்தோம். எனக்குக் காகிதம் தந்தவர்களில் ஒருவர் நான் ஏறும் தனியார் பஸ்ஸின் கண்டக்டர்.

அவரைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். முப்பது வயசு இருக்கும். மெலிந்த ஆள், நல்ல உயரம். பச்சை, ரோஸ், மஞ்சள் என்று ஒவ்வொரு டிக்கெட் கட்டும் ஒரு நிறம். கட்டு தீர்ந்ததும் மிஞ்சும் அடிக்கட்டையையும் மேலட்டையையும் கண்டக்டர்கள் காலடியிலேயே போட்டுவிடுவார்கள். நான் அதைக் குனிந்து பொறுக்குவதை ஒருநாள் பார்த்துவிட்டு, "எதுக்கு டீச்சர் இது?" என்றார். நோட்டை விரித்துக் காட்டினேன். சமயநல்லூரிலிருந்து பாத்திமா கல்லூரி நிறுத்தம் வரை, டிக்கெட் போடுவதையும் மறந்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். செக்கிங் வந்திருந்தால் அன்றைக்கு அவருக்கு வேலை போயிருக்கும். மறுநாளிலிருந்து அடிக்கட்டைகளை நிறம் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டுத் தோல் பையின் ஓரத்தில் வைத்திருப்பார். நான் ஏறியதும் எடுத்து நீட்டுவார்.

பஸ்ஸில் எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். "அண்ணே, ரெண்டு பஸ்ஸ்டாண்டு", "அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்கண்ணே". என்னைவிடப் பெரிய பெண்கள்கூட அப்படித்தான். நான் மட்டும் ஒரு நாளும் அண்ணே என்று சொன்னதில்லை. "இந்தாங்க", "கேட்டீங்களா", இல்லையென்றால் தொண்டையைச் செருமுவேன். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இனி ஜாதகத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஜாதகக் காப்பி எழுதுவது அப்பாவின் வேலை. வயலில் மண்வெட்டி பிடித்த அதே கை, பேனா பிடித்தால் அச்சடித்த மாதிரி எழுதும். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. நீளத் தாளை இரண்டாக மடித்து, வெளிப்பக்கம் பெயர், நட்சத்திரம், பிறந்த நேரம். உள்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பன்னிரண்டு கட்டம். நான்கு மூலையிலும் அம்மா மஞ்சள் தடவுவாள். பொருத்தம் இல்லையென்றால் அந்தத் தாளைத் திருப்பித் தந்துவிட வேண்டும், அதுதான் முறை. திரும்பி வந்த தாளை இன்னொரு வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது அப்பாவின் கட்டுப்பாடு. அதனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதுவார். எட்டு வீட்டுக்குப் போய் எட்டும் திரும்பி வந்திருந்தன. எட்டையும் கிழிக்க மனமில்லாமல் பழைய பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தார். அடுத்த வீட்டுக்கென்று எழுதித் தயாராக வைத்த புதுக் காப்பிகளும் அதே பஞ்சாங்கத்துக்குள்தான் இருக்கும்.

எனக்கு முதல் மூன்று திரும்பி வந்தபோது அழுகை வந்தது. நான்காவதிலிருந்து எரிச்சல். எட்டாவது வந்த அன்று அதை எடுத்து விரித்துப் பார்த்தபோது வேறு எதுவோ தோன்றியது. தடித்த நல்ல தாள். நேர்க்கோட்டில் பன்னிரண்டு சதுரம், நடுவில் ஒரு பெரிய சதுரம். வகுப்பில் நான் தலைகீழாக நின்று சொல்லிக் கொடுத்தும் ஒருவருக்கும் இவ்வளவு அழகாகக் கட்டம் போட வந்ததில்லை. இதில் அச்சு வைக்காமல் வேறு எதில் வைப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அதிலேயே உட்கார்ந்தேன். சனி நின்ற வீட்டில் சைக்கிள் டியூபில் வெட்டிய காக்கா. செவ்வாய்க்கு மிளகாயை நீளவாக்கில் பிளந்து சிவப்பில் வைத்தேன். சூரியனுக்குப் பாதி வெங்காயம், வெட்டி ஒரு மணி நேரம் ஆறவிட்டு வைத்தால்தான் வளையங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் விழும். சந்திரனுக்கு வாழை மட்டை. ஏழாம் வீடு காலியாகக் கிடந்தது. அதுதான் கல்யாணத்துக்கான வீடு என்று எட்டுத் தடவை கேட்டுக் கேட்டு எனக்கும் தெரியும். அதில் வெண்டைக்காய்ப் பூவை வைத்தேன். நடுச் சதுரத்தில் கண்டக்டர் தந்த ரோஸ் அடிக்கட்டைகளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து ஒட்டினேன். முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தேன். அதுவரை நான் செய்ததிலேயே நல்ல பக்கம் அதுதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

ஒட்டிய தாள் காயும்போது அப்பளம் மாதிரி வளையும். கனமான புத்தகத்துக்குள் வைத்து இரண்டு நாள் அழுத்தினால்தான் நேராகும். எங்கள் வீட்டில் கனமான புத்தகம் பஞ்சாங்கம் ஒன்றுதான். பழைய மடிப்பிலேயே மடித்து அதற்குள் வைத்துவிட்டு, மேலே அம்மியின் குழவியைத் தூக்கி வைத்தேன். யாரையும் குறை சொல்ல முடியாது. முழுக்க என் வேலை.

மறுநாள் நான் வெளியே போயிருந்த நேரத்தில் ஒரு பெரியவர் வந்து ஜாதகம் கேட்டிருக்கிறார். எங்கள் ஆட்கள்தான், இரண்டு தலைமுறைக்கு முன்பே பழங்காநத்தத்தில் போய்க் குடியேறிய குடும்பம், நான்கு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறார்கள். பையனுக்குத் தாய்மாமன் அந்தப் பெரியவர். அப்பா பஞ்சாங்கத்தை எடுத்து, மேலாக இருந்த தாளைப் பார்த்திருக்கிறார். தன் கையெழுத்து, மூலையில் மஞ்சள். எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார். மாலையில் நான் வந்ததும் அம்மா சொன்னாள்.

"நல்ல எடமாத்தான் தெரியிது. பையன் கண்டக்டராம். நீ போற பஸ்லதான் ஓடுறாராம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரா? அவரேவா? அவர்தான் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அவர் வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் என்னிடமே ஒழுங்காக ஒத்துக்கொண்டேன். எட்டு வீட்டுக்கும் என் ஜாதகம் போனபோது எனக்கு ஒன்றுமில்லை. இந்த ஒரு வீட்டிலிருந்து அது திரும்பி வரக் கூடாது என்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் என் பக்கம் நேராகிவிட்டதா என்று பார்க்கப் பஞ்சாங்கத்தைத் திறந்தேன். உள்ளே எழுதித் தயாராக வைத்த புதுக் காப்பி சுத்தமாக, தொடாமல் இருந்தது. என் பக்கம் இல்லை.

அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"சாதகத்துலயா? சனி மேலயா?"

"சனி மேல இல்லப்பா. பக்கத்துல. காக்காதான்."

"வேணும்னேதான வச்ச? கல்யாணம் வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். இப்பிடியா மானத்த வாங்குறது?"

வேண்டுமென்றே வைக்கவில்லை, இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டும் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அப்பாவிடம் அதை எந்தப் பெண் அந்தக் காலத்தில் சொன்னாள்? பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நிற்பது அபூர்வம் என்பதால் அவர் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் ஓடியது. அந்த வீட்டிலிருந்து பதிலும் இல்லை, ஜாதகமும் வரவில்லை. கண்டக்டர் வேறு ஷிப்டுக்கு மாறிவிட்டார், பஸ்ஸில் வேறு ஆள். எப்படியிருக்கும் எனக்கு? நான் காத்திருக்கிற ரகம் இல்லை. பதினோராம் நாள் வியாழக்கிழமை, வகுப்பு முடிந்ததும் கோரிப்பாளையத்து அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"எந்திரிங்க டீச்சர். நாலு தெரு தள்ளித்தான வீடு? கேட்டுட்டே வந்துருவோம்."

கல்யாணப் பெண்ணே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கேட்பது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத காரியம். தெரிந்துதான் போனேன்.

வாசலில் எருமைகள் கட்டியிருந்தன. கண்டக்டரின் அம்மா தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சங்கத்திலிருந்து வருகிறோம் என்று அக்கா சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாய் விரித்து, மோர் கொடுத்தார். நல்ல மனுஷிதான். என் கண்ணாடியையும் கொண்டையையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நீங்கதான் டீச்சரா? அந்தச் சமயநல்லூருப் புள்ள ஒங்ககிட்டத்தான் கைவேல படிக்கிதாமே?"

அக்கா என்னைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்தால் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணாகத் தெரியவில்லை போலிருக்கிறது. தெரியாமலே இருக்கட்டும், உண்மையாவது வெளியே வரும் என்று, "ஆமா. அந்தப் புள்ள சாதகம் என்னாச்சுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றேன்.

"ஏன் கேக்குறீங்க டீச்சர். எட்டுப் பொருத்தம் இருக்கு. பேர் எழுதுன பக்கத்தப் பாத்தே சோசியரு சொல்லிட்டாரு. அப்பறந்தான் உள்ள பிரிச்சாரு. சபையில அம்புட்டுப் பேரு உக்காந்திருக்கோம். காக்கா நிக்கிது. சரி, சனிக்குக் காக்கா, அதக்கூட விட்டுருவேன். ஏழாம் எடத்துல வெண்டிக்காய எதுக்கு வைக்கணும்? சாதகத்துலயே காயி நறுக்கிப் பாக்குற புள்ள, நாளைக்கு எங்க வீட்ல என்னென்ன நறுக்கிப் பாக்குமோ?"

கோரிப்பாளையத்து அக்காவுக்கு மோர் புரையேறிவிட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கண்டக்டர் வந்தார். அப்போதுதான் குளித்திருந்தார் போலிருக்கிறது, தோளில் துண்டு. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "அம்மா, இவங்கதான் அந்தப் பொண்ணு" என்று சொல்வார் என்று நினைத்தேன். ஐந்து எண்ணும் நேரம் விட்டுப் பார்த்தேன். சொல்லவில்லை.

"அந்தப் புள்ள நான்தான்" என்றேன்.

அவர் அம்மா என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். சங்கடப்பட்டார், ஆனால் கெட்டிக்காரி, சட்டென்று சமாளித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அட, முன்னாடியே சொல்லக் கூடாதா தாயி? வெவரமாத்தான் இருக்க. ஒண்ணும் கெட்டுப் போகல. சுத்தமா ஒரு காப்பி எழுதி அனுப்பச் சொல்லு. எட்டுப் பொருத்தம் சும்மாவா? இந்த ஒட்டுற வேல, வெட்டுற வேல எல்லாம் கல்யாணத்தோட போதும். இங்க எரும நாலு நிக்கிது, அதுகளப் பாத்தாலே பொழுது போயிரும்."

நான் கண்டக்டரைப் பார்த்தேன். அவர் எருமையைப் பார்த்தார்.

"பழைய தாள் எங்க?" என்று கேட்டேன்.

"அதுவா, அவந்தான் வாங்கி எங்கயோ வச்சிருக்கான். அது எதுக்கு இனிமே?"

வெளியே வந்து தெரு திரும்பும் வரை அக்கா பொறுத்துக்கொண்டிருந்தார். பிறகு, "டீச்சர், அவரு வாயில கடல்பாசியக் காச்சி ஊத்தி வச்சிருக்காங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.

ஊர் போய்ச் சேரும் வரை யோசித்தேன். சுத்தமான காப்பி என்ன பெரிய விஷயம்? அப்பா அரை மணி நேரத்தில் எழுதுவார். வீட்டில் எழுதியே இருக்கிறது. கொடுத்துவிட்டால் அவர் கிடைப்பார். ஆசை எனக்கு இருந்தது, நிறையவே இருந்தது. வகுப்பை விட வேண்டும். விட்டுவிட்டுப் பிறகு மெல்லப் பேசிச் சரிசெய்துகொள்ளலாம் என்றுகூடக் கணக்குப் போட்டேன். என்னைப் போலப் பேசத் தெரிந்தவளுக்கு அதுவா முடியாது?

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வீட்டுக்குப் போனதற்கு அம்மா முதலில் திட்டினாள். எட்டுப் பொருத்தம் என்றதும் திட்டை நிறுத்திவிட்டு, "அப்பறம் என்ன, காப்பியக் குடுத்துருங்க" என்றாள். அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்பிடி என்னதான் பண்ற அந்த நோட்டுல? எடு, பாப்போம்."

இரண்டு வருஷமாக நான் செய்வதை அவர் பார்த்ததே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அவர் வாங்கிவந்த விதைநெல் மூட்டையின் சீட்டு ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்தது. கிணறு வற்றிய மாதம் ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்த பூவரசு இலை அச்சு. அதில் விரலை வைத்து, "இது நம்ம கெணத்து மேட்டு மரம்" என்றார். முழு நோட்டையும் பார்த்து முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, அது அவர் வழக்கமில்லை. பஞ்சாங்கத்தைத் திறந்து அந்தச் சுத்தமான காப்பியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இந்தா. குடுக்குறதும் குடுக்காததும் ஒன் இஷ்டம். வாழப் போறது நீதான்."

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் பஸ்ஸில் ஏறினேன். அவர் பழைய ஷிப்டுக்குத் திரும்பியிருந்தார். கூட்டம் இல்லை. எல்லாருக்கும் டிக்கெட் போட்டுவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தார். என் மடியில் சுத்தமான காப்பி கவரோடு இருந்தது. நானே பேச்சை ஆரம்பித்தேன். அவரை நம்பினால் இறங்கும் வரை ஆரம்பிக்க மாட்டார்.

"அந்தத் தாளப் பாத்தீங்களா?"

தோல் பையின் உள் அறையைத் திறந்து எடுத்துக் காட்டினார். என் பக்கம். ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு, மடிப்பு நசுங்காமல் வைத்திருந்தார். இத்தனை நாளாக அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். எனக்கு மனசு இளகிவிட்டது. அந்த நிமிஷத்தில் அவர் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

"இந்த மாதிரி நான் எங்கயும் பாத்ததில்ல டீச்சர். தினம் ஒரு தடவ எடுத்துப் பாத்துருவேன். நடுவுல இருக்கிறது நான் குடுத்த ரோஸ் கட்டுதான?"

"ஆமா. இத ஒங்க அம்மாகிட்டச் சொன்னீங்களா? ஒங்களுக்குப் புடிச்சிருக்குன்னு?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். பரவையில் இரண்டு பேர் இறங்கினார்கள், விசில் கொடுத்தார். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"அம்மாகிட்ட எதுக்கு டீச்சர்? மடியில இருக்கிறது சுத்தமான காப்பிதான? அத அம்மாவுக்குக் குடுத்துருவோம். இது என் பையிலயே இருக்கட்டும். யாருக்கும் தெரிய வேண்டாம். நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிய எட்டு வீட்டுக்காரர்களும் என்னைப் பார்த்தது கிடையாது. இவர் பார்த்திருந்தார், பிடித்தும் இருந்தது. பிடித்ததைத் தோல் பைக்குள் வைத்து ஜிப் போட்டுக்கொண்டு, வேறு ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்கிறார். அந்த வேறு ஒருத்தியாக நான்தான் காலம் முழுக்க நடிக்க வேண்டும்.

"ஒரு வீட்டுக்கு ஒரு சாதகந்தான்" என்றேன். "ரெண்டு அனுப்புற வழக்கம் எங்க வீட்ல கெடையாது. அதக் குடுங்க."

"டீச்சர்..."

"பொருத்தம் இல்லைன்னா திருப்பிக் குடுக்கணும். அதான் முறை."

கொடுத்தார். வாங்கி நோட்டுக்குள் வைத்தேன். பஸ் நிலையத்தில் இறங்கும்போது, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, "வாரேண்ணே" என்றேன்.

இறங்கி ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். வெகுநேரம் இல்லை, கைக்குட்டை நனையும் அளவுக்கு. பிறகு பழங்காநத்தம் பஸ்ஸைப் பிடித்து, மாடிப்படி ஏறினேன். பதினான்கு பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் சாயத்துணி நனைத்து வைத்து, காய் நறுக்கித் தயாராக இருந்தது.

கவரைப் பிரித்து, அப்பா எழுதிய சுத்தமான காப்பியை எடுத்து மேசையின் நடுவில் விரித்தேன். பன்னிரண்டு கட்டமும் பளிச்சென்று இருந்தன.

"இதுல யாரு மொதல்ல வைக்கிறது?" என்றேன்.

கோரிப்பாளையத்து அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வந்தார்.